எந்த ரேட்டில்

படிவத்தில் என் பெயர் கின் நீலார்.
வீட்டில் நீலாயதாட்சி.
கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான்.

விருப்பக் கல்லூரி என்று கட்டங்கள்,
ஒன்றிலிருந்து கீழே கீழே.
பொருளாதாரம் என்பது மட்டும் முடிவு.
ஏன் என்று கேட்ட நகல் கடைக்காரரிடம்
உளுந்து என்றேன்.
அவர் காது கேளாதவர் மாதிரி தாள் எண்ணினார்.

உளுந்துதான்.
பயின்னவுன் சந்தையில் அப்பா தரகு.
தில்லியில் யாரோ ஒருவர்
வெள்ளிக்கிழமை போட வேண்டிய கையெழுத்தைத்
திங்களுக்குத் தள்ளிவைத்தால்
அப்பா அந்த வாரம் முடி வெட்டிக்கொள்வதில்லை.
இந்த ஊரில் எங்களைப் போலச் சில வீடுகளில் மட்டும்
இட்லியாகிற கறுப்புப் பயறு
தாம்வேயில் ஒரு மனிதரின் பிடரியில்
எப்படி முடி வளர்க்கிறது?
இதை எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?

லேடான் முனையில், செல்போன் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் ஒரு வணிகக் கல்லூரி.
ஏசி. கண்ணாடிக் கதவு. லண்டன் பட்டம்.
கையேட்டில் சிரிக்கிறவர்கள் யாரும்
நான் ஏறிவந்த படிகளில் ஏறியவர்களாகத் தெரியவில்லை.
கட்டணம் டாலரில்.
கியாட்டில் கட்டினால் எந்த ரேட்டில் என்றேன்,
பேங்க் ரேட்டா, வெளி ரேட்டா?
வரவேற்பில் இருந்தவள் பேனாவை மூடினாள்.
கதவைப் பார்த்தாள்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
எண் மட்டும்.
வாயால் ஒரு சொல் இல்லை.
நான் கேட்ட முதல் விரிவுரை அது. இலவசம்.

யுவாதாஜிக்கு இரண்டு பஸ்.
அரசுக் கட்டணம், டீக்காசு மாதிரி.
தூங்குமூஞ்சி மரங்கள் நன்றாக இருந்தன.
நூலகத்தில் ஒரு பூனை.
புள்ளியியல் துறை வாசலில்
பெயர்ப்பலகை ஏழு,
செருப்பு மூன்று ஜோடி.
மீதி நாலு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருக்கத் தெரிவதும்
நுழைவுத் தேர்வில் ஒரு தாள்.

செங்குன்றத்திலிருந்து சித்தி மகன் குரல் அனுப்பினான்:
"இங்க வந்துடு, பி.காம் சீட் பாத்துக்கலாம்,
என்ன, காலேஜ்ல உன்னை பர்மாக்காரின்னுதான் சொல்லுவாங்க."
இங்கே என்னைக் கலா என்கிறார்கள்.
சென்னையில் அது
யாருக்கோ ஆசையாக வைத்த பெயர்.

அண்ணன் தில்லைநாதனுக்குப் படிவம் இல்லை.
மூன்றாம் வருடத்தில் நின்றது.
இப்போது தெருமுனை தாண்டுவதில்லை,
சவரத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டுக் கண்ணாடி.
எதைப் போடட்டும் என்று கேட்டால்
"ஜெனரேட்டர் இருக்கிற இடமாப் பாரு" என்கிறான்.
சிரித்துத் தொலைத்தேன்.
பிறகு பார்த்தால், நான் போன எல்லா இடத்திலும்
முதலில் கேட்டது அதைத்தான்.

நள்ளிரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது.
தெரு மொத்தமும் எழுந்தது.
மோட்டார், குக்கர், இஸ்திரிப் பெட்டி.
மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகும்.
எதை விடுவது என்று அம்மா தினமும் ஒரு முடிவெடுப்பாள்,
தலைமுடியை முடிந்துகொண்டே, அரைத் தூக்கத்தில்.
நேற்று இஸ்திரியை விட்டாள்.
இன்று சோற்றை.

அந்த வெளிச்சத்தில் எழுதினேன்.
முதல் கட்டத்தில் யுவாதாஜி, பேனாவால்.
இரண்டில் மெய்க்டிலா, விடுதி உண்டாம்.
மூன்றாவதில் கை வைக்கும்போது
தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்.
ஓடினேன்.

ஈரக் காலோடு திரும்பினால்
மூன்றாம் கட்டத்தில் யாரோ பென்சிலால் எதையோ எழுதி
நன்றாக அழித்திருந்தார்கள்.
சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது,
ஒரு தி, ஒரு ல், பாதி லை.
அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
பளபளவென்றிருந்தது.
அங்கே மை வைத்தால்
அடுத்த பக்கத்துக்கும் இறங்கும்.